உம்மு குல்சூம் கேட்ட கை

மீனின் செவுளைத் தூக்கிப் பார்க்காமல் நான் வாங்கியதில்லை. சங்கைப் புரட்டி, புழு அரித்த துளை இருக்கிறதா என்று விரலால் தடவாமல் மூடையில் போட்டதில்லை. ஆனால் பெண் எடுப்பதென்றால் மட்டும் திரைச்சீலைக்கு முன்னால் போய்ப் பேசாமல் இருந்து, உள்ளே இருந்து வருகிற கையை மட்டும் பார்த்துவிட்டுத் தலையாட்ட வேண்டும். எங்கள் ஆட்களின் வழக்கம் அது. சர்பத்து நீட்டுகிற கை, மணிக்கட்டு, மிஞ்சினால் இரண்டு காப்பு. அவ்வளவுதான் பெண். மிச்சத்தை அல்லாவிடமும் தரகரிடமும் விட்டுவிட வேண்டும். அல்லாவை நான் நம்புகிறேன்.

மன்னார்க் கடைத்தெருவுக்குப் பின்னால் எனக்கு ஒரு கருவாட்டு வாடி, மீன் காயவைக்கிற கொட்டில், இருந்தது. வெள்ளைக்காரன் தலைமன்னார் வரைக்கும் ரெயில் விட்ட பிறகு கொழும்புக்குக் கருவாடு அனுப்புவது லேசாகிவிட்டது. சங்கும் வாங்கி விற்றேன். தொழிலுக்குக் குறையில்லை. வீடுதான் இல்லை. எங்களில் வீடு பெண்ணுக்கு. ஆண் போய் இருப்பான். என் மனைவி மௌத்தான பிறகு வீடு மகளுடையதாயிற்று, நான் விருந்தாளியானேன். மகள் ஒரு குறையும் வைக்கவில்லை. மருமகன் அதைவிட நல்லவன். என்னைக் கண்டால் எழும்பி நிற்பான். காரணமில்லாமல் அவ்வளவு மரியாதை காட்டுகிற ஆளை நான் நம்புவதில்லை. அதனால் வாடியிலேயே படுத்துக்கொள்வேன். பூனைகள் நிறைய இருந்தன, பேசத்தான் ஆளில்லை.

என் தங்கச்சி ஹவ்வா உம்மாவுக்கு இது பொறுக்கவில்லை.

“நானா, ஒரு கலியாணம் முடியுங்கோ. பூனையோட கதைக்கிறீங்கள் எண்டு ஊர் சிரிக்குது.”

“முடிக்கிறன். ஆனால் என்ட வயசுக்காரி வேணும். கொஞ்சம் முன்னப் பின்ன இருக்கலாம். குமர்ப்பிள்ளை ஒண்டை மட்டும் கொண்டு வந்து தலையில தள்ளிப் போடாத.”

அதை நான் சும்மா சொல்லவில்லை. கைக்கூலி, சீதனம் என்று ஒன்றும் கேளாத கிழவன் ஒருத்தன் வாடியும் தொழிலுமாக அகப்பட்டால், வீட்டில் கரைசேராமல் இருக்கிற குமரைத் திரைக்குப் பின்னால் நிறுத்திவிடுகிற ஆட்கள் இந்தக் கரையில் உண்டு. பிறகு அந்தப் பிள்ளையும் பாவம், கிழவனும் பாவம். சின்னப் பெண்ணோடு நான் என்னத்தைப் பேசுவது? பெரிய புயல் அடித்த வருசத்தைப் பற்றிச் சொன்னால் அவள் கொட்டாவி விடுவாள். எனக்கு வேண்டியது நான் சொல்கிற பொய்யை, “இல்லை, அப்பிடி நடக்கேல்லை” என்று திருத்தக்கூடிய ஒருத்தி.

ஹவ்வா உம்மா தேடிப் பிடித்தது சிலாவத்துறையில். உம்மு குல்சூம் என்று பெயர். ஐம்பது வயதாம். புருசன் காய்ச்சலில் போய் நாளாகிறது. பிள்ளை இல்லை, சொந்த வீடு, பக்கத்து வளவில் தம்பி ஜவாஹிர். எல்லாம் நான் கேட்டபடியே இருந்தது. அதுவே எனக்குச் சந்தேகம்.

சிங்கராசாவின் வள்ளத்தில் போனோம். சிங்கராசா பள்ளிமுனை வேதக்காரன், மாதா கோயில் ஆள், என் சரக்கை ஏற்றி இறக்குகிறவன், வாய் மட்டும் கொஞ்சம் நீளம். வழி நெடுக “மாப்பிள்ளை, மாப்பிள்ளை” என்று உயிரை வாங்கினான்.

ஜவாஹிர் நல்ல தாட்டியான ஆள். என்னைக் கதிரையில் இருத்திவிட்டுத் தானும் எதிரே இருந்தான். ஹவ்வா உம்மா திரைக்கு அப்பால் போய்விட்டாள். கொஞ்ச நேரத்தில் திரை விலகாமல், ஓரத்தால் ஒரு கை சர்பத்துக் குவளையோடு வெளியே வந்தது.

நான் குவளையை வாங்கவில்லை. கையைப் பார்த்தேன்.

புறங்கையில் ஒரு நரம்பு புடைக்கவில்லை. மூட்டில் சுருக்கம் இல்லை. நகம் சிப்பி உட்பக்கம் மாதிரிப் பளபளவென்று கிடந்தது. இந்தக் கரையில் மீன் வெட்டாத, உப்பில் தோயாத, பானை தேய்க்காத பெண் இல்லை. கலியாணம் முடித்து ஒரு மாரி போவதற்குள் எல்லோருக்கும் கை வெடித்துவிடும். ஐம்பது வயதுக்காரியின் கை இப்படி இருக்க வழியே இல்லை.

“சர்பத்தைக் குடியுங்கோ நானா,” என்றான் ஜவாஹிர்.

“குடிக்கிறது இருக்கட்டும். இது ஆர்ர கை?”

“என்ன கேள்வி இது? என்ட ராத்தாட கை.”

“உம்மட ராத்தாக்கு வயசென்ன?”

“ஐம்பது.”

“இந்தக் கைக்கு இருபதுக்கு மேல ஒரு நாள் வராது. பின்னால நிக்கிறது உம்மட மகளோ, ஆர்ரையும் குமரோ? உண்மையைச் சொல்லும், கோவிக்க மாட்டன். எழும்பிப் போயிடுவன்.”

ஜவாஹிர் எழும்பியே விட்டான். அவன் எழும்பினால் கூரை தாழ்வாகத் தெரியும். உள்ளே ஹவ்வா உம்மா, “யா அல்லா, இந்த மனிசனைக் கூட்டிக்கொண்டு வந்தன் பார்,” என்று நெஞ்சில் அடித்துக்கொள்கிற சத்தம் கேட்டது. நீட்டின கை மட்டும் அசையவில்லை. ஒரு சொட்டு சர்பத்துச் சிந்தவில்லை. பிறகு அது மெல்லக் குவளையைத் தரையில் வைத்தது. திரையைக் கொத்தாகப் பிடித்தது. ஒரே இழுப்பு.

“பாருங்கோ!” என்றாள் உம்மு குல்சூம். “வடிவாப் பாருங்கோ. செவுளைத் தூக்கிக் காட்டட்டோ?”

தலைச்சீலைக்குள்ளால் நரை தெரிந்தது. கண்ணைச் சுற்றி வெயில் கீறின கோடுகள். முன்பல் ஒன்று இல்லை. குரல் கரகரவென்று நல்ல பழங்குரல். ஐம்பதுக்கு ஒன்றும் குறையாது. அந்த முகத்துக்குக் கீழே அந்த இரண்டு கைகளும் யாரிடமோ இரவல் வாங்கினவை மாதிரி இருந்தன.

“முகம் சரியாத்தான் இருக்கு,” என்றேன்.

“என்ன சரி?”

“கிழடாத்தான் இருக்கு எண்டு சொல்லுறன். எனக்குத் திருப்தி.”

ஹவ்வா உம்மா மறுபடி நெஞ்சில் அடித்துக்கொண்டாள். ஆனால் உம்மு குல்சூம் சிரித்துவிட்டாள். பல்லுப் போன இடத்தை மறைக்காமல், கையால் பொத்தாமல், வாய் நிறையச் சிரித்தாள். அந்தச் சிரிப்பு எனக்குப் பிடித்துப் போயிற்று. பிடித்ததைக் காட்டினால் விலை ஏற்றிவிடுவார்கள் என்று முகத்தை இறுக்கி வைத்துக்கொண்டேன்.

“சரி, கை உங்கடதுதான். ஏன் இப்பிடி வைச்சிருக்கிறீங்கள்? புருசன் இல்லாத வீட்டில ஆருக்குக் காட்ட?”

“எனக்குக் காட்ட,” என்றாள். “முகத்தை ஊர் பாக்குது, நான் பாக்கிறேல்ல. என்ட வீட்டில கண்ணாடியும் இல்லை. காலமை எழும்பினால் படுக்கும் மட்டும் எனக்கு முன்னால கிடக்கிறது இந்த ரெண்டு கைதான். சோறு பிசையக்கயும் பாக்கிறன், பன்பாய் இழைக்கக்கயும் பாக்கிறன். துஆக் கேட்டு ஏந்தினாலும் இதைத்தான் பாக்கிறன். நாள் முழுக்க ஏன் ஒரு கிழட்டுக் கையைப் பாக்க வேணும்?”

தரையில் இருந்த குவளையை எடுத்துச் சர்பத்தை ஒரே மூச்சில் குடித்தேன்.

“இனி உங்கட கையை நீட்டுங்கோ,” என்றாள்.

“என்ட கை எதுக்கு?”

“நீங்கள் மட்டும்தான் சரக்குப் பாக்கிறதோ? நானும் பாக்கத்தானே வேணும்.”

நீட்டினேன். முப்பது நாற்பது வருசம் உப்பும் செதிலும் சங்கு விளிம்பும் தின்ற கை. உள்ளங்கை திருக்கை முதுகு மாதிரி. வெடிப்புக்குள் கறுத்து ஊறிப்போன அழுக்கு சவர்க்காரத்துக்கும் போகாது. உம்மு குல்சூம் தொடவில்லை. ஒரு மெல்லிய மஸ்லின் துண்டை எடுத்து, நுனியைப் பிடித்து என் உள்ளங்கையில் போட்டு மெல்ல இழுத்தாள். துணி வரவில்லை. வெடிப்பில் சிக்கிக்கொண்டு நின்றது. இன்னும் இழுக்க, நூல் பறிந்தது.

“பாத்தீங்களோ? இந்தக் கையோட என்ட வீட்டுக்கு வந்தால் பாயும் மிஞ்சாது, சீலையும் மிஞ்சாது. நோன்புக்கு முந்தின வெள்ளிக்கிழமை வாங்கோ. பொழுதுபட்டு மஹ்ரிபு ஆக முந்தி வர வேணும். இந்தத் துணி சிக்காமல் வழுக்கினால் மற்றக் கதையைக் கதைப்பம். வராட்டி, ஏலாமல் போச்சுது எண்டு நினைச்சுக்கொள்ளுறன். வேற ஒண்டும் நினைக்க மாட்டன்.”

“ராத்தா, இந்த ஆள் வேண்டாம்,” என்றான் ஜவாஹிர்.

“நீ சும்மா இரு.”

வெளிக்கிடும்போது செய்முறையும் சொன்னாள், ஹவ்வா உம்மாவிடம் சொல்கிற மாதிரி எனக்குக் கேட்கச் சொன்னாள். உப்பில் கை வைத்தால் காயவிடாமல் நல்ல தண்ணியில் கழுவ வேண்டும். மீன் நாற்றத்துக்குச் சாம்பல் தேய்க்கக் கூடாது, தேசிக்காய்த் தோல்தான். பின்னேரம் அரிசி கழுவின தண்ணியில் ஊறப் போட வேண்டும். படுக்க முன்னம் முதல் பிழிந்த தேங்காய்ப்பால், அது காய்ந்த பிறகு நல்லெண்ணெய். “விரலுக்கு விரல் நடுவில மறந்திடாதையுங்கோ. ஆம்பிளையள் அங்கதான் விடுவாங்கள்.”

வாடிக்கு வந்து யோசித்தேன். ஒரு பெண்பிள்ளை சொன்னாள் என்று இரண்டு கையையும் கொண்டுபோய்த் தேங்காய்ப்பாலில் வைக்க நான் என்ன மடையனா? முதலில் இடக்கைக்கு மட்டும் செய்து பார்த்தேன். வலக்கையை அப்படியே விட்டேன். சரக்கில் பாதியை உப்புப் போட்டுப் பாதியைப் போடாமல் காயவைத்துப் பார்ப்பது மாதிரித்தான். பூனைகளுக்குப் பெருநாள். நான் பால் பூசிக்கொண்டு படுத்தால் அவை வரிசையில் வந்து நக்கின. கையை உறியில் தொங்கவிட்டுக்கொண்டு படுத்தேன்.

மகள் பிடித்துவிட்டாள்.

“வாப்பா, கறிக்குத் திருவி வைச்ச தேங்காயின்ர முதல் பால் எங்க?”

“பூனை குடிச்சிருக்கும்.”

“பூனை பிழிஞ்சும் குடிக்குமோ?”

மருமகன் ஒன்றும் கேட்காமல் மறுநாள் ஒரு குலை தேங்காய் கொண்டுவந்து வாடி வாசலில் வைத்துவிட்டுப் போனான். அவனுக்கு என்ன தெரியும், எவ்வளவு தெரியும் என்று இன்றுவரைக்கும் எனக்குத் தெரியாது.

கொஞ்ச நாளில் இடக்கை வேறு ஆளாயிற்று. வெடிப்பு மூடிவிட்டது. தலைப்பாகைத் துணியை உள்ளங்கையில் போட்டு இழுத்தால் சர்ரென்று வந்தது. வலக்கையில் போட்டால் மாட்டிக்கொண்டது. அவள் பொய் சொல்லவில்லை என்று அப்போதுதான் ஒத்துக்கொண்டு வலக்கைக்கும் தொடங்கினேன்.

சிங்கராசாவிடம் மறைக்க முடியவில்லை. கயிறு கைமாறும்போது அவன் கண்டுவிட்டான்.

“முதலாளி, உதென்ன, கை நெத்தலிக் குஞ்சு மாதிரி வழுக்குது?”

“உன்ட வேலையைப் பார்.”

“மடுமாதாவாணை, ஒருத்தருக்கும் சொல்ல மாட்டன். ஏசெண்டர் துரையின்ர பெண்சாதி வெயிலுக்குக் கைக்கு மேசு, அதுதான் துணியுறை, போட்டுக்கொண்டுதானே வண்டியில போறா? உங்களுக்கும் ஒரு சோடி தைப்பம். தேங்காய்ப்பால் காணாது முதலாளி, கழுதைப்பால் பூச வேணும். மன்னாரில கழுதைக்கென்ன பஞ்சமோ?”

அவன் வெளியில் சொல்ல வேண்டிய தேவையே வரவில்லை. நானே ஊருக்குக் காட்டிக்கொடுத்தேன்.

அந்த மாதம் சங்கு வாங்கக் கீழக்கரை மரைக்காயர் ஒருவர் வந்தார். எனக்குப் பழைய பழக்கம். சங்குக்கு நாங்கள் வாயால் விலை பேசுவதில்லை. சுற்றி நிற்கிறவனுக்கு விலை தெரியக்கூடாது. இரண்டு பேரும் எதிரெதிரே இருந்து, கைகளை ஒரு சால்வைக்குள் விட்டு, விரலைப் பிடித்துத்தான் பேசுவோம். எந்த விரல், எத்தனை விரல், எப்படி அமர்த்துகிறான் என்பதில் எல்லாம் இருக்கிறது. முகத்தில் ஒன்றும் காட்டக்கூடாது. வாடியில் ஆட்கள் கூடி நிற்க, மரைக்காயர் சால்வையை விரித்தார். நான் வலக்கையை உள்ளே விட்டேன். அவர் பிடித்தார்.

பிடித்தவர் தேள் கொட்டினவர் மாதிரிக் கையை உதறிவிட்டு எழும்பி நின்றார்.

“ஓய் சாவுல் அமீது! இது யாரு கைய்யா?”

“என்ட கைதான் மரைக்காயர்.”

“இருபது வருசமா நான் புடிச்ச கை எனக்குத் தெரியாதா? அது மரப்பட்டை. இது பொம்பளை கை. சால்வைக்குள்ள யாரை ஒளிச்சு வெச்சிருக்கே?”

சனம் சிரித்த சிரிப்பில் காயப்போட்ட கருவாட்டிலிருந்த காகங்கள் எழும்பிப் பறந்தன. சால்வையை இழுத்து எறிந்தேன். சட்டைக் கையைத் தோள் வரைக்கும் சுருட்டிக் காட்டினேன். “பாருங்கோ! தோளில இருந்து பாருங்கோ! இடையில எங்கயாவது பொருத்து இருக்கோ?” தோளில் தொடங்கி மணிக்கட்டு வரை தார் பூசின பலகை. அதற்குக் கீழே சீனி வாழைப்பழம். மரைக்காயர் கிட்ட வந்து மணிக்கட்டைச் சுற்றித் தடவிப் பார்த்த பிறகுதான் நம்பினார். திரையை இழுத்தெறிந்தவளுக்கு எவ்வளவு ஆத்திரம் வந்திருக்கும் என்று அந்த இடத்தில் கொஞ்சம் விளங்கிற்று.

வேறு வழியில்லாமல் உண்மையைச் சொன்னேன். மரைக்காயர் நல்ல விலை தந்தார், சிரித்த களைப்பில் கணக்குப் பிழைத்திருக்கும். ஊர்தான் விடவில்லை. நான் கடைத்தெருவில் நடந்தால் ஸலாம் சொல்லிக் கை கொடுக்க வராத ஆளில்லை. பிடித்தவன் விடமாட்டான், அடுத்தவனைக் கூப்பிட்டு, “நீயும் பிடிச்சுப் பார்,” என்பான். ஒரு நாள் காலமை எழும்பிப் பார்க்கிறேன், வாடித் தூணில் ஒரு தாய்க்கழுதையைக் குட்டியோடு கட்டிவிட்டுப் போயிருக்கிறார்கள். அவிழ்க்கப் போன எனக்கு அது ஒரு உதை தந்தது.

நொண்டிக்கொண்டு உள்ளே வந்து, போதும், இந்த வயதில் இந்தக் கேவலம் வேண்டாம், பழையபடி இருப்போம் என்று நினைத்தேன். பூனைகள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தன. அவற்றிடம் கழுதை உதைத்த கதையைச் சொன்னேன். ஒன்றும் சிரிக்கவில்லை. இந்தக் கதையை அவளிடம் சொன்னால் எப்படிச் சிரிப்பாள் என்று பட்டது. எழும்பிப் போய்த் தேங்காய் திருவினேன்.

வெள்ளிக்கிழமை வந்தது. ஜும்மாவைச் சிலாவத்துறையில் தொழலாம் என்று விடியவே சிங்கராசாவின் வள்ளத்தில் ஏறினோம். ஹவ்வா உம்மா ஒரு பெட்டி தொதல் இனிப்போடு நடுவில் இருந்தாள். நான் ஒரு கயிற்றையும் தொடவில்லை. கை இரண்டையும் மடியில் வைத்துக்கொண்டு முட்டை காவுகிறவன் மாதிரி இருந்தேன். காற்று நல்லாக இருந்தது. வங்காலையைக் கடந்து நெடுந்தூரம் வந்த பிறகு, அருவியாறு கடலில் விழுகிற இடத்துக்கு வடக்கே, பாய் ஒருதரம் படபடத்தது. பிறகு பிடவை மாதிரித் தொங்கிப்போயிற்று. கடல் எண்ணெய் ஊற்றினது மாதிரிக் கிடந்தது.

பார்த்துக்கொண்டே இருந்தோம். வெயில் உச்சிக்கு வந்தது, ஜும்மா நேரம் தப்பிற்று, வெயில் சரிந்தது. காற்று வரவில்லை.

“கரையில இறங்கி நடப்பம் நானா,” என்றாள் ஹவ்வா உம்மா.

“நடந்தால் ஆத்தைக் கடக்க வேணும் தங்கச்சி,” என்றான் சிங்கராசா. “முதலையோட ஆர் கதைக்கிறது? முதலாளிதான் கதைக்க வேணும். அவர்ட கையைக் கண்டால் அதுவும் ஸலாம் சொல்லும்.”

“பகிடியை விட்டுட்டு வழியைச் சொல்லு,” என்றேன்.

“வழி கிடக்கு. ரெண்டு தண்டு கிடக்கு. நான் ஒருத்தன் வலிச்சால் வள்ளம் வட்டம் சுத்தும். மற்றத் தண்டுக்கு ஆள் வேணும்.” அவன் என் மடியைப் பார்த்தான். “கையைக் காப்பாத்தினால் நேரம் போயிடும். நேரத்தைக் காப்பாத்தினால் கை போயிடும். எது வேணும் முதலாளி?”

வராவிட்டால் ஏலாமல் போயிற்று என்று நினைத்துக்கொள்வேன் என்றுதான் அவள் சொன்னாள். வேறு ஒன்றும் நினைக்க மாட்டேன் என்றாள். அதுதான் என்னைக் குத்திற்று. ஏலாமல் போனவன் என்று அவள் நினைக்கக் கூடாது. தலைப்பாகையை அவிழ்த்துத் தண்டின் பிடியில் சுற்றினேன். வலித்தேன். துணி வழுக்கிக் கடலில் விழுந்தது. வெறுங்கையால் வலித்தேன்.

அந்தத் தண்டை நான் என் இளவயதில் நாள் கணக்கில் வலித்திருக்கிறேன். கைக்கு ஒன்றும் வந்ததில்லை. இப்போது ஆற்றுமுகத்தைக் கடக்க முன்னமே நெருப்புப் பிடித்த மாதிரி எரிந்தது. அரிப்புக் கிராமத்துக்கு நேரே வரும்போது கொப்புளம் எழும்பிவிட்டது. சிலாவத்துறை தெரியும்போது பாதி உடைந்து தண்ணி வடிந்தது, அதில் உப்புப் பட்டது. நான் அப்போது சொன்ன வார்த்தைகளை இங்கே எழுத முடியாது. சிங்கராசா நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டான்.

பின்னேர அசறுத் தொழுகை முடிந்த பிறகுதான் கரை சேர்ந்தோம். மஹ்ரிபுக்கு இன்னும் நேரம் இருந்தது.

வாசலில் நின்ற ஜவாஹிர் என்னைக் கதிரையில் இருத்தினான். திரை பழையபடி தொங்கிற்று. பின்னால் அவள் நிற்கிறது தெரிந்தது. ஜவாஹிர் மஸ்லின் துண்டைக் கையில் எடுத்தான். மிகவும் சந்தோசமாக எடுத்தான்.

“நீட்டுங்கோ நானா.”

நீட்டினேன். துணி உள்ளங்கையில் விழுந்ததும் புண்ணில் ஒட்டிக்கொண்டது. இழுத்தான். நான் கத்தினேன்.

“ராத்தா, சிக்கிப் போச்சு! முந்தியாவது வெடிப்பு. இப்ப புண். முந்தினதைவிட மோசம். நான் அப்பவே சொன்னனான்.”

இனிச் சொல்ல என்ன இருக்கிறது? வள்ளத்துக்குத் திரும்பினால் போதும் என்று கதிரையை விட்டு எழும்பினேன்.

“கொஞ்சம் நில்லுங்கோ,” என்றது கரகரத்த குரல். திரை ஓரம் விலகிற்று. உம்மு குல்சூம் குனிந்து என் இரண்டு கையையும் மாறி மாறிப் பார்த்தாள். தொடவில்லை. கண்ணால் தடவினாள். “தம்பி, இதென்ன?”

“புண்.”

“கொப்புளம். தண்டு வலிச்ச கொப்புளம். நீயும்தானே கிழமைக்குக் கிழமை வலிக்கிறாய். உனக்குக் கடைசியாக் கொப்புளம் எப்ப வந்தது?”

ஜவாஹிர் யோசித்தான். “எனக்கோ? மீசை முளைக்க முந்தி.”

“இப்ப ஏன் வாறேல்ல?”

“தோல் தடிச்சுப் போச்சு. எங்கால வாறது?” சொன்ன பிறகுதான் தான் என்ன சொன்னேன் என்று அவனுக்கு விளங்கிற்று. துண்டைக் கையில் வைத்துக்கொண்டு வாயைத் திறந்தபடி நின்றான்.

“இளகின தோலிலதான் கொப்புளம் வரும்,” என்றாள் உம்மு குல்சூம். “இந்த மனிசன் சொன்னதைச் செய்திருக்கிறார்.” மறுபடி குனிந்தாள். “இடக்கைதான் கூடுதலாப் புண்ணாப் போயிருக்கு. வலக்கை அவ்வளவு இல்லை. ஏன்?”

நான் இடக்கையை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனேன்.

“முதல்ல இடக்கையில மட்டும் பூசிப் பாத்தீங்களோ?”

“பாக்காமல் எப்பிடி நம்புறது?”

அந்தச் சிரிப்பு மறுபடி வந்தது. திரையைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். ஹவ்வா உம்மாவும் சேர்ந்து சிரித்தாள். வாசலில் தொதல் தின்றுகொண்டிருந்த சிங்கராசா, என்ன என்று தெரியாமலே சிரித்தான். கழுதை உதைத்த கதையை எடுத்துவிட இது நல்ல நேரம் என்று பட்டது, சொன்னேன். அவள் தரையில் குந்திவிட்டாள்.

பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு உள்ளே போய் ஒரு சிரட்டையில் என்னமோ களிம்பு கொண்டுவந்தாள். என் கையைப் பிடிக்கப் போனாள்.

“ராத்தா!” என்று பாய்ந்தான் ஜவாஹிர். “நிக்காஹ் முடியேல்ல! தொடக் கூடாது!”

“மருந்து போடாமல் விட்டால் சீழ் பிடிக்கும்.”

“நிக்காஹ் முடியாமல் தொட ஏலாது.”

“அப்ப போய் லெப்பையைக் கூட்டிக்கொண்டு வா. ஏன் நிக்கிறாய்? இந்தக் கையை நான் நாளை வரைக்கும் இப்பிடிப் பாத்துக்கொண்டிருக்க ஏலாது.”

அப்படித்தான் என் கலியாணம் முற்றாயிற்று. ஆரும் என்னிடம் சம்மதமா என்று கேட்கவில்லை. கேட்டிருந்தால் யோசித்துச் சொல்கிறேன் என்றிருப்பேன், பழக்கதோசம்.

லெப்பை வந்தார். பக்கத்து வளவுகளிலிருந்து சாட்சிக்கு ஆட்கள் வந்தார்கள். தானும் சாட்சி நிற்கிறேன் என்று சிங்கராசா முன்னுக்கு வந்தான். அது சரிவராது என்று லெப்பை சொல்ல, “கையின்ர முழுச் சரித்திரமும் எனக்குத்தான் தெரியும்,” என்று முணுமுணுத்துக்கொண்டு தொதல் பெட்டிக்குத் திரும்பினான். திரைக்குப் பின்னால் போய் மணக்கொடையான மஹரும் சம்மதமும் கேட்டு வந்தார்கள். பெண்ணுக்காக நிற்கிறவன் ஜவாஹிர். அவன் என் வலக்கையைப் பிடித்து, பெருவிரலோடு பெருவிரல் சேர்த்து அமர்த்தி, என் சகோதரியை உமக்கு மணமுடித்துத் தருகிறேன் என்று சொல்ல வேண்டும். நான் ஏற்றுக்கொண்டேன் என்று சொல்ல வேண்டும்.

பிடித்தான். என்மேல் அவனுக்கு இருந்த வாரக்கணக்கான கோபத்தையெல்லாம் அந்தப் பிடியில் வைத்தான். மிச்சமிருந்த கொப்புளங்களும் உடைந்தன.

“ஏற்றுக்... ஆ! உம்மோவ்!” என்றேன்.

லெப்பை கண்ணை மூடித் திறந்தார். “இது செல்லாது. தெளிவாச் சொல்ல வேணும் மாப்பிள்ளை. ஜவாஹிர், திரும்பவும் பிடியும்.”

ஜவாஹிர் கையைத் துடைத்துக்கொண்டு மறுபடி நீட்டினான். சிரிப்பை அடக்கிக்கொண்டுதான் நீட்டினான். அப்போது திரைக்குப் பின்னாலிருந்து அந்தப் பழங்குரல் கேட்டது:

“தம்பி, மெல்லப் பிடி. அது இனி என்ட கை.”